பியானோ இருக்கிறது, மேல் ஸ்டாண்டுக்கு எதை வாங்குவது?

தர்மபுரி பக்கம் வாசிக்கிற பிள்ளைகள் முன்பெல்லாம் "மாஸ்டர், முதல் கீபோர்டு எதை வாங்கலாம்?" என்று கேட்பார்கள். இப்போது கிரேடு தேர்வுக்காக வீட்டிலேயே 88 கீ பியானோ வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் சர்ச் பாடகர் குழுவிலோ, கல்யாண ரிசப்ஷன் கச்சேரியிலோ உட்காரும்போது அது மட்டும் போதாது என்று தெரிகிறது. "கூட ஒன்று வாங்கணும் மாஸ்டர், எது நல்லது?" என்று வந்து நிற்கிறார்கள்.

நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். பியானோவில் உங்கள் கை எந்த இடத்தில் தடுக்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள். அந்தத் தடங்கலைத் தீர்க்கிற கீபோர்டை வாங்குங்கள். எத்தனை சவுண்டு இருக்கிறது, எத்தனை ரிதம் இருக்கிறது என்பதெல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியவை. இந்த வரிசை தலைகீழானால், பியானோவில் ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கி வருவோம்.

நான் மேடைக்கு எடுத்துப் போவது யமஹா பி-125. 88 கீ, சுத்தி அமைப்பு (நிஜப் பியானோ போலக் கனமான கீ), இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் லேசாகவும் இருக்கும். எடை 11.8 கிலோ. மேடைப் பியானோ என்றே செய்யப்படுகிற பெரிய கருவிகள் இதைவிட நன்றாகக் கனம்: யமஹா சிபி88 18.6 கிலோ, ரோலண்ட் ஆர்டி-2000 21.7 கிலோ. கார் இருந்து, தூக்க இன்னொரு ஆளும் இருந்தால் அவை அருமையான கருவிகள். என் பியானோவில் 24 ஒலிகள், திரை கிடையாது, பிட்ச் பெண்ட் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கிற லீவர் அல்லது வீல்) கிடையாது. பியானோவாக அது எனக்கு முழு நிறைவு. ஒரு கீயை மெதுவாக அழுத்தினால் கிசுகிசுக்கும், ஓங்கி அழுத்தினால் கணீரென்று வரும். லேசான கீயில் வாசித்துப் பழகிய கைக்கு இந்த நுணுக்கம் வராது. அதனால் பியானோவை விற்றுவிட்டு எல்லாம் செய்கிற ஒரே கீபோர்டு வாங்குகிற யோசனைக்கு நான் போகவே இல்லை.

கை தடுக்கிற முதல் இடம் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. நம் ஊரில் கீபோர்டுக்காரன் வெறும் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) பிடித்துவிட்டு இறங்க முடியாது. புல்லாங்குழல் பிட்டு, நாதஸ்வரம் பிட்டு, வயலின் பிட்டு எல்லாம் அவன் தலையில்தான் விழும். தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருதி 1 கட்டை, அதாவது சி-யில் ஸட்ஜம். தோடியின் காந்தாரம் இ-ஃப்ளாட்டில் விழும். ஆனால் பாடுகிறவர் அங்கே நிற்க மாட்டார். சுத்த ரிஷபத்தின் பக்கமிருந்து எழும்பி மத்யமத்தின் பக்கம் வரை அந்தச் சுரத்தை அசைப்பார். பியானோவில் இ-ஃப்ளாட்டை எத்தனை அழகாகத் தொட்டாலும் அது தோடி ஆகாது. இப்போது கணக்கைப் பாருங்கள். கருப்போ வெள்ளையோ, ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு ஓர் அரைச்சுரம். இ-ஃப்ளாட்டிலிருந்து இரண்டு அரைச்சுரம் கீழே போனால் டி-ஃப்ளாட், சுத்த ரிஷபம். இரண்டு அரைச்சுரம் மேலே போனால் எஃப், சுத்த மத்யமம். பெரும்பாலான கீபோர்டுகளில் பிட்ச் பெண்டின் அளவு கம்பெனியிலிருந்து வரும்போதே மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் இருக்கும். அதாவது அந்த லீவரின் இரண்டு எல்லைக்குள் தோடி காந்தாரம் அப்படியே அடங்குகிறது. கீயை அழுத்தும்போதே லீவரால் சுரத்தைக் கீழே இழுத்து வைத்து, மெல்ல விட்டு, மேலே ஏற்றி, திரும்ப விட்டால் அந்த அசைவு வந்துவிடும். ஒலியை மோனோவில் வைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய சுரத்தின் வால் அடுத்ததோடு கலந்து அபசுரமாகக் கேட்கும்.

லீவரா, வீலா என்பதை இங்கேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ரோலண்டில் ஒரே குச்சி. இடம் வலமாக அசைத்தால் சுரம் வளையும், முன்னால் தள்ளினால் அதிர்வு சேரும். யமஹாவின் எம்எக்ஸ் மாதிரியான கருவிகளில் இரண்டு தனி வீல். நிதானமாக ஒரு சுரத்தை இழுத்து நிறுத்த வீல் சுகம். வேகமாக அசைக்க லீவர் சுகம். என் கட்டைவிரலுக்கு லீவர் ஒத்துவந்தது. உங்களுக்கு எது என்று விரல்தான் சொல்ல வேண்டும், வீடியோ பார்த்துத் தெரியாது.

இரண்டாவது தடங்கல் கீயின் கனம். ஆர்கனில் உள்ளங்கையால் மேலிருந்து கீழே வழித்துக்கொண்டு வருகிற வேலையைச் சுத்தி கீயில் செய்து பாருங்கள், விரல் ஓரம் சிவந்துவிடும். ஸ்ட்ரிங்ஸில் (வயலின் கூட்டத்தின் ஒலி) சரசரவென்று ஓடுகிற இடங்கள், பிராஸில் (டிரம்பெட் கூட்டத்தின் ஒலி) ஒரே சுரத்தைத் தடதடவென்று தட்டுகிற இடங்கள், எல்லாவற்றுக்கும் லேசான கீ வேண்டும். அதனால் இரண்டாவது கீபோர்டிலும் வெயிட்டட் கீ இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களிடம் வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறேன். அரை எடைக் கீயும் எனக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது, சுருதி மாற்றம். ஒரே கச்சேரியில் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடி இறங்குவார், அடுத்து பாடகி ஐந்தரைக் கட்டையில் ஏறுவார். இடையில் ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இன்னைக்கு அரைக் கட்டை இறக்குங்க" என்பார். என் பியானோவில் டிரான்ஸ்போஸ் (அதே கீகளை வாசித்தபடி சுருதியை ஏற்றி இறக்குகிற வசதி) மாற்ற, பட்டனைப் பிடித்தபடி கீயை அழுத்த வேண்டும், எவ்வளவு மாறியது என்று காட்டத் திரையும் இல்லை. மேடையில் இருட்டில் இது நடக்காது. எனவே மேல் கீபோர்டில் டிரான்ஸ்போஸுக்குத் தனிப் பட்டன், கண்ணுக்குத் தெரிகிற திரை, இரண்டும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டேன். பியானோவை எப்போதும் இயல்பான சுருதியிலேயே விட்டுவிட்டு, எல்லாச் சுருதியிலும் கார்டு பிடிக்கக் கைக்குப் பழக்கிவிடுவது நல்லது. டிரான்ஸ்போஸ் மேல் கீபோர்டில் மட்டும். இரண்டிலும் மாற்றிக்கொண்டிருந்தால் என்றாவது ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் பாட்டு ஆரம்பித்துவிடும். பாடகர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறுவார்.

நான்காவது, தூக்குவது. இது மற்ற ஊர்களில் சின்ன விஷயமாக இருக்கலாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் கிராமத்துத் திருவிழாவுக்குப் போகிறவனுக்கு இது பெரிய விஷயம். 61 கீ கீபோர்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பையில் போட்டு முதுகில் மாட்டி பைக்கில் பின்னால் உட்காரலாம், டவுன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம், நடத்துனரும் ஒன்றும் சொல்ல மாட்டார். 88 கீ பியானோவோடு அது முடியாது. பி-125 132 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். ஆகவே சின்ன ஜெபக் கூட்டம், பஜனை, ஒத்திகை என்றால் மேல் கீபோர்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தக் காரணத்தால் 49 கீயைத் தள்ளிவிட்டேன். பியானோவுக்கு மேலே வைத்து லீடு (ஒற்றை மெட்டு) மட்டும் வாசிக்க 49 தாராளம். தனியாகப் போய் இரண்டு கையாலும் வாசிக்க அது பற்றாது. 73, 76 கீ பஸ்ஸுக்கு ஒத்துவராது. நமக்கு 61தான் சரி.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது பட்டியல் தானாகச் சுருங்கியது. யமஹா எம்எக்ஸ்61 4.8 கிலோ, கோர்க் கிராஸ் 2 61 கீ 3.8 கிலோ, ரோலண்ட் ஜூனோ டிஎஸ்61 5.3 கிலோ. இவற்றோடு நம் பக்கத்துக் குழுக்களில் அதிகம் பார்க்கிற ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, இந்திய வாத்திய ஒலிகளோடு வந்த கருவி. நால்வரும் வேலைக்கு ஆவார்கள். நான் ஜூனோவை எடுத்தேன். லீவர் ஒரு காரணம். ஸ்பிளிட் (இடது, வலது கீகளுக்கு வேறு வேறு ஒலி), டூயல் (இரண்டு ஒலி சேர்ந்து), டிரான்ஸ்போஸ் எல்லாம் முகப்பிலேயே தனித்தனிப் பட்டனாக இருப்பது இன்னொன்று. ரீசார்ஜ் செய்கிற ஏஏ செல் 8 போட்டால் கரண்ட் இல்லாமலும் ஓடும் என்பது மூன்றாவது. கிறிஸ்துமஸ் நேரத்தில் வீடு வீடாக கேரல் போகிற குழுவுக்கு வாசித்தவர்களுக்கு இந்த மூன்றாவது காரணத்தின் அருமை தெரியும். ஆட்டோவில் ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரை வைத்து, கீபோர்டை மடியில் வைத்து, தெருத்தெருவாகப் போகலாம். யார் வீட்டிலும் பிளக் கேட்டு நிற்க வேண்டாம். கிராஸ் 2-வும் செல்லில் ஓடும், எடையும் குறைவு. தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு நான் அதையே சொல்வேன்.

நம் வாத்திய ஒலி பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிகளுக்குப் பொதுவாக 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஒலி வரையறையில் 128 ஒலிகள் இருக்கின்றன. அதில் சிதாரும் ஷெனாயும் உண்டு, நாதஸ்வரம் இல்லை. அதனால் வெளிநாட்டுக்காகச் செய்த கீபோர்டில் நாதஸ்வரம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஷெனாயை எடுத்து, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கி, ரிவெர்பை (எதிரொலியை) குறைத்து, லீவரால் சுரங்களை இழுத்து வாசித்தால் கல்யாணக் கூட்டம் ஏற்றுக்கொள்கிற அளவுக்கு வந்துவிடும். ஆர்மோனியம் இன்னும் முக்கியம். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆர்மோனியம் சரியில்லை என்றால் முன் வரிசைப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அக்கார்டியன் ஒலியை எடுத்து, அலையடிக்கிற அதிர்வை நீக்கிப் பாருங்கள், பல கீபோர்டுகளில் ஆர்மோனியம் என்று எழுதியிருப்பதைவிட அது நிஜமாக இருக்கும்.

ரிதம் உள்ள அரேஞ்சர் கீபோர்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூட வாசிக்கிற ஆள் இல்லாமல் தனியாகவே பாட்டுக்கு வாசிப்பவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்றவை நம் தாளங்களை வைத்தே செய்யப்பட்டவை, பஜனைக்கும் சின்ன விசேஷத்துக்கும் பெரிய துணை. தபலாவும் ஆக்டோபேடும் (குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிக்க ஆள் இருக்கிற குழுவில் அந்த ரிதத்துக்கு வேலை இல்லை. உயிருள்ள தபலாக்காரர் பாடகரின் மூச்சைப் பார்த்து நிறுத்துவார், தள்ளுவார். பெட்டிக்குள் இருக்கிற தாளம் அதைச் செய்யாது. ஓசூர்ப் பக்கம் கச்சேரி என்றால் தமிழோடு கன்னடப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் கேட்பார்கள். எந்தப் பாட்டு வரும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் கீபோர்டில் தாளத்தைத் தேடிக்கொண்டு உட்கார நேரமும் இருக்காது.

லேப்டாப்போடு வெறும் கன்ட்ரோலர் கீபோர்டு (தனக்கென்று ஒலி இல்லாதது) சேர்த்தால் செலவு குறையும், ஒலியும் அபாரமாக இருக்கும். வீட்டில் பதிவு செய்ய நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஜெனரேட்டர் கரண்டிலும், பனியிலும், தூசியிலும், பலகை மேடையில் லேப்டாப்பை வைத்து வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் அது ஒரு முறை நின்றாலும் பாட்டு நின்றுவிடும்.

தர்மபுரியில் இந்த மாதிரி கருவிகளை வரிசையாக வைத்து வாசித்துப் பார்க்கிற கடை கிடைப்பது கஷ்டம். சேலம் போவார்கள், இல்லாவிட்டால் பெங்களூரு. பெங்களூரில் பழைய கீபோர்டு சந்தை பெரிது. மேடை வாசிப்பவர்கள் புது மாடலுக்குப் போகும்போது நல்ல நிலையில் உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். நான் எடுத்ததும் அப்படி ஒன்றுதான். பழையதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் கீ. ஒவ்வொரு கீயையும் ஒரே அழுத்தத்தில், மெதுவாக, இடமிருந்து வலம் வரை தட்டிக்கொண்டே போங்கள். கீக்கு அடியில் ரப்பர் காண்டாக்ட் இருக்கிறது. ஒரு கீக்கு இரண்டு தொடுபுள்ளி. முதல் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று கருவி கண்டுபிடிக்கிறது. அங்கே தூசியோ அழுக்கோ சேர்ந்தால் மெதுவாக அழுத்திய கீ திடீரென்று கத்தும், அல்லது ஊமையாகிவிடும். பியானோ ஒலியில் வைத்துச் சோதித்தால்தான் இது தெரியும். ஆர்கன் ஒலி அழுத்தத்துக்கு மாறாது, குறையை மறைத்துவிடும். ஒன்றிரண்டு கீ இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், பிரித்துச் சுத்தம் செய்தால் சரியாகும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு கீ என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து லீவர். மொபைலில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து வையுங்கள். நடு ஏ-யை ஏதாவது அதிர்வில்லாத ஒலியில் அழுத்திப் பிடித்தால் 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். லீவரை வலது கோடி வரை தள்ளி விடுங்கள், இடது கோடி வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் சரியாக நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் ஸ்பிரிங்கோ உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரோ தேய்ந்திருக்கிறது. கச்சேரி முழுக்க அந்தக் கீபோர்டு பியானோவோடு சேராமல் அரைகுறைச் சுருதியில் நிற்கும். காதுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், எது என்று தெரியாது. முதலிலேயே 440 காட்டாவிட்டால் பதறாமல் மாஸ்டர் டியூனிங்கை (மொத்தக் கருவியின் அடிப்படைச் சுருதி அமைப்பு) பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் வேறு எங்காவது வைத்திருப்பார். ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பிவிடும்.

பின்பக்கத்து ஜாக்குகளில் கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், கரகரவென்றால் சால்டர் விட்டிருக்கிறது. எல்லா நாப்களையும் மெதுவாகத் திருப்புங்கள், திரையில் எண் தாவக் கூடாது. அடாப்டர் அதனுடையதுதானா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே மாதிரி முள் உள்ள அடாப்டர்களில் சிலவற்றுக்கு நடுவில் பாசிட்டிவ், சிலவற்றுக்கு நடுவில் நெகட்டிவ். மாற்றிச் செருகினால் கருவிக்கே ஆபத்து. இரண்டு கீபோர்டு வைத்திருப்பவர்கள் இரண்டு அடாப்டரிலும் கலர் டேப் ஒட்டி, அதே கலரை அந்தந்தக் கருவியின் பின்னாலும் ஒட்டிவிட வேண்டும். மேடை அவசரத்தில் எழுத்தைப் படிக்க முடியாது.

வாங்கி வந்த பிறகு இரண்டையும் இணைக்கிற விஷயம். பலர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். பியானோவில் கார்டு பிடிக்கும்போது அதோடு சேர்ந்து மேல் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸும் ஒலிக்க வேண்டும் என்று ஆசை இருக்கும். அதற்கு மிடி இணைப்பு வேண்டும், எந்தக் கீயை அழுத்தினோம் என்பதை ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்கிற வழி அது. மிடி 1983இல் வந்தது. பழைய ஐந்து முள் வட்டச் சாக்கெட் இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே கேபிளில், பியானோவின் அவுட்டிலிருந்து கீபோர்டின் இன்னுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. என் பியானோவில் அந்தச் சாக்கெட் இல்லை, யுஎஸ்பி மட்டும்தான். இரண்டிலும் யுஎஸ்பி இருக்கிறதே, ஒரு வயரால் இணைத்துவிடலாமே என்று தோன்றும். நடக்காது. இரண்டும் கம்ப்யூட்டருக்குக் கீழே வேலை செய்கிற கருவிகள். நடுவில் ஆணையிடுகிற ஒன்று இருந்தால்தான் பேசும். அதற்கென்று யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சின்னப் பெட்டி விற்கிறார்கள். ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் ஐந்து முள். இன்னும் பியானோவே வாங்காதவர்கள் ஐந்து முள் சாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தச் செலவே இல்லை.

இணைத்த பிறகு சேனலைச் சரிபாருங்கள். மிடியில் 16 சேனல் உண்டு. பியானோ எதில் அனுப்புகிறதோ அதில் மேல் கீபோர்டின் எந்த ஒலி கேட்க வேண்டுமோ அதை மட்டும் வைக்க வேண்டும். ஸ்ட்ரிங்ஸை ஒரு சேனலிலும், நீங்கள் மேலே வாசிக்கிற லீடை வேறு சேனலிலும் பிரித்துவிட்டால் ஒன்று மற்றொன்றில் தலையிடாது. உண்மையைச் சொன்னால் கச்சேரியில் இந்த இணைப்பை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. சர்ச்சில், மெதுவான பாடல்களில்தான் அது அழகு. கோவிலூர், எலத்தகிரி மாதிரி பெரிய பங்குகளின் திருவிழாப் பூசையில், பியானோவுக்கு அடியில் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் படர்ந்தால் மொத்தக் கோவிலும் நிறைந்துவிடும்.

கச்சேரியில் எனக்குக் கைகொடுப்பது வேறு ஒரு பழக்கம். இடது கையால் பியானோவில் கார்டைப் பிடித்து, பெடலை மிதித்து நிறுத்திவிட்டு, அந்தக் கையை அப்படியே மேலே லீவருக்குக் கொண்டுபோவது. பெடல் கார்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்; வலது கை குழல் பிட்டை வாசிக்கும், இடது கை அசைக்கும். சவுண்டு மாற்றுவதும் அந்த இடைவெளியில்தான். பல கீபோர்டுகளில் ஒலியை மாற்றும்போது பிடித்திருக்கிற சுரம் அறுந்துவிடும்; கீழே பியானோ ஒலித்துக்கொண்டிருந்தால் அந்த அறுப்பு யாருக்கும் தெரியாது. இந்தப் பழக்கம் கூடிவர, மேல் கீபோர்டை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். லீவர் பியானோவின் இரண்டாவது ஆக்டேவுக்கு நேர் மேலே வந்தால் கை பறக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். எக்ஸ் ஸ்டாண்டில் மேலே ஒரு கையைப் பொருத்தி இரண்டாவது கீபோர்டை வைக்கிறார்கள். வீட்டு சிமெண்ட் தரையில் அது நிற்கும். சவுக்குக் கம்பு கட்டிப் பலகை போட்ட திருவிழா மேடையில், ஆடுகிற பிள்ளைகள் குதிக்கும்போது கீழே ஒரு விரல் ஆடினால் மேலே ஒரு சாண் ஆடும். நான்கு கால் உள்ள மேசை மாதிரி ஸ்டாண்டு கனமானது, ஆனால் அசையாது. இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தையும் கடையிலேயே உங்கள் பியானோவை மனதில் வைத்து அளந்துவிடுங்கள். பி-125இன் பட்டன்கள் கீக்குப் பின்னால் இருக்கின்றன. மேல் கீபோர்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அவை மறைந்துவிடும். மேல் தட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து வைத்தால் திரையும் தெரியும், மணிக்கட்டும் வலிக்காது.

சவுண்டு சர்வீஸ்காரர்கள் கீபோர்டுக்கு ஒரு லைன்தான் தருவார்கள். சின்ன மிக்ஸர் ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு, இரண்டையும் அதில் கொடுத்து, அங்கிருந்து ஒரே லைனாக அனுப்புங்கள். இரண்டின் அளவும் உங்கள் கையில் இருக்கும். ஒரே கேபிள் போடுவதாக இருந்தால் எல் அல்லது மோனோ என்று எழுதிய ஜாக்கில் மட்டும் போடுங்கள்; அப்போதுதான் இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து வரும். ஆர் ஜாக்கில் மட்டும் போட்டால் பியானோ பாதி ஒலியோடு மெலிந்து கேட்கும். நீளமான வயரில் உம்மென்று இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் நீள வயருக்கும் நடுவில் வைக்கிற சின்னப் பெட்டி) ஒன்று தீர்வு, பெரிய விலை இல்லை.

பெடல் வாங்கும்போது கம்பெனிக்குக் கம்பெனி துருவம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். மாறிய பெடலைச் செருகினால், காலை எடுத்தால் சுரம் நீளும், மிதித்தால் அறும். பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடலின் நிலையைப் பார்த்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும், அதனால் சுவிட்ச் போடும்போது பெடலில் கால் வைக்காதீர்கள். அடியில் துருவ சுவிட்ச் உள்ள பெடல் வாங்கினால் எதற்கும் பயன்படும். மேல் கீபோர்டுக்கு சுரத்தை நீட்டுகிற சஸ்டெய்ன் பெடலைவிட, ஒலியளவைக் காலால் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்பிரஷன் பெடல்தான் உபயோகம். ஸ்ட்ரிங்ஸ் மெல்ல எழும்பி அடங்குவதற்கு அதுதான் வசதி.

மார்கழி, தை இரவுகளில் தர்மபுரியின் திறந்தவெளி மேடைகளில் பனி நன்றாக இறங்கும். பாட்டு இல்லாத நேரத்தில் இரண்டு கீபோர்டையும் பருத்தித் துண்டால் மூடிவையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். மழை விட்ட மாலைகளில் விளக்கு வெளிச்சத்துக்கு ஈசல் வந்து கொட்டும், இறக்கை கீ இடுக்கில் இறங்கிவிடும். வாசிக்கும்போதே மேலே இருக்கிற விளக்கைக் கொஞ்சம் தள்ளித் திருப்பச் சொல்லுங்கள், லைட்டுக்காரத் தம்பிகள் கேட்டால் செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் மென்மையான பிரஷ்ஷால் கீ இடுக்கைத் துடைத்துவிட்டுப் பையில் போடுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரி ஓடுகிற சாலையோர மேடைகளில் வாசிப்பவர்கள் இதை ஒவ்வொரு முறையும் செய்தால்தான் அந்த ரப்பர் காண்டாக்ட் நாள்பட உழைக்கும். ஜெனரேட்டர் மாற்றும்போது இரண்டையும் அணைத்துவிட்டு, கரண்ட் நிலையான பிறகு போடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பெடல், உங்கள் ஹெட்போன், அடிக்கடி வாசிக்கிற மூன்று நான்கு பாட்டு, இவற்றோடு போங்கள். கடைக்காரர் டெமோ போட்டுக் காட்டுவார்; அதைக் கேட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்து உங்கள் பாட்டையே வாசியுங்கள். கீழே பியானோ இருப்பதாக நினைத்து இடது கையை அந்த உயரத்தில் வைத்து, வலது கையால் மேலே வாசித்து, லீவருக்குப் போய் வாருங்கள். ஒரு பாட்டின் நடுவில் குழலிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கு மாற எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் அந்த இரண்டையும் ஃபேவரிட்டில் பக்கத்துப் பக்கத்தில் சேமிக்க முடியுமா என்று கேட்டு, அங்கேயே சேமித்துக் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் வாசிக்க விடாத கடை என்றால், வேறு கடை பாருங்கள்.